‘பாக்கலாங்க’ சொல்லி பெயில் ஆனவன்

பொது நிர்வாகத்தில் பி.ஏ. படித்த மூன்று வருஷத்தில் எனக்கு எல்லாப் பாடமும் ஒரு மாதிரியாக ஏறிவிட்டது. அதிகாரப் படிநிலை ஏறியது. கட்டளை ஒருமை ஏறியது. பெயரைச் சொன்னாலே பல் கூசும் வெள்ளைக்காரத் தத்துவங்கள்கூட ஏறின. ஏறாமல் வாசலிலேயே நின்றது ஒரே ஒரு சொல்தான். ‘இல்லை.’

இந்த வயதில் எதற்குப் படிப்பு என்று கேட்பீர்கள். நியாயம். என் மனைவியும் அதையேதான் கேட்டாள். திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்தவன் போர்க் கிணறு போடும் ரிக் வண்டியில் ஏறுவதற்குத் தனியாகக் காரணம் தேவையில்லை. நானும் ஏறினேன். மேனேஜர் என்று பெயர். பாதி இந்தியாவுக்கு ஓட்டை போட்டுவிட்டு, முதுகில் ஒரு பெல்ட்டும் காதில் கம்ப்ரசர் சத்தமுமாக ஊர் திரும்பினேன். அதற்குப் பிறகு எனக்கு வேண்டியிருந்தது மூன்றே பொருள்கள். நகராத ஒரு நாற்காலி, அதிராத ஒரு மேசை, தலைக்கு மேலே ஒரு ஃபேன். ஃபேன் ஓடாவிட்டாலும் பரவாயில்லை. இவை எல்லாம் ஒரே அறையில் இருக்கும் இடம் அரசு அலுவலகம்தான்.

இளநிலை உதவியாளர் வேலைக்கு என் வயது எப்போதோ தாண்டிப் போயிருந்தது. ஆனால் கையில் ஒரு பட்டம் இருந்தால் எங்கள் பிரிவினருக்கு வயது தடையில்லை என்று தாலுகா ஆபீஸ் எதிரே டீ குடிக்கும்போது ஒருவர் சொன்னார். விசாரித்தேன், உண்மைதான். அன்றைக்கே தபால் வழிக் கல்வியில் சேர்ந்துவிட்டேன்.

“ஏனுங்க, கரண்டு பில்லு வந்தாலே என்ற கையில குடுத்து என்னன்னு பாருன்னு சொல்லுவீங்க. நீங்க படிச்சு, பரிச்ச எழுதி...” என்று மனைவி ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது.

சனி, ஞாயிறுகளில் நாமக்கல்லில் வகுப்பு. கூடப் படித்தவர்கள் எல்லாம் என் மகன் வயது, மகள் வயது. ‘ஒரு ஊழியர் ஒரே ஒரு மேலதிகாரியிடம்தான் கட்டளை பெற வேண்டும்’ என்ற பாடம் நடந்த அன்று உதாரணம் கேட்டார்கள். நான் எழுந்தேன். ரிக் வண்டியில் போர் போடும்போது முதலாளி திருச்செங்கோட்டிலிருந்து போனில் நிறுத்து என்பார், தோட்டத்துச் சொந்தக்காரர் இன்னும் நூறு அடி போ என்பார், தேங்காய் வைத்துத் தண்ணீர் பார்த்தவர் இடமே இது இல்லை என்பார், டிரைவர் யார் பேச்சையும் கேட்காமல் பீடி பற்றவைப்பார் என்றேன். கட்டளை ஒருமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை என்றார்கள். ஒரு வாரத்துக்கு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

எழுத்துத் தேர்வுகள் எல்லாம் கரையேறின. கடைசியாக ஒரு செய்முறைத் தேர்வு. வேதியியல் படித்தவனுக்குத்தான் செய்முறை உண்டு என்று நினைத்திருந்தேன். நிர்வாகத்துக்கும் உண்டாம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ‘அலுவலர்’ என்று எழுதிய பலகை. நாம் உட்கார்ந்திருப்போம். எதிரே ஒருவர் மனுதாரராக நடிப்பார். அந்த மனு தகுதியில்லாத மனு. அதை நிராகரிக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டும், மேல்முறையீடு எங்கே செய்வது என்று சொல்ல வேண்டும், மரியாதையாக அனுப்பி வைக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்கு எதற்கு ஒரு தேர்வு என்று சிரித்தேன்.

தேர்வு எடுக்க வந்தவர் தஞ்சாவூர்க்காரர். இந்தப் பக்கத்துக்கு அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. எனக்கு மனுதாரராக வந்தது என் வகுப்புப் பெண், ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடும். கணவர் பெயரில் சொந்த லாரி இருக்கிறது, ஆனாலும் இலவசத் தையல் மிஷின் வேண்டும் என்று கேட்டு வரவேண்டியது அதன் வேஷம்.

அது வந்து நின்றது. நான் எழுந்தே விட்டேன்.

“வாங்க வாங்க. உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

“இருக்கட்டுங்க. இப்பத்தான் குடிச்சனுங்க.”

“எந்த ஊருங்க?”

“ஜலகண்டாபுரமுங்க.”

“அப்படீங்களா! அங்க மழை கிழை பேஞ்சுதுங்களா?”

“எங்கீங்க பேஞ்சுது. இடிச்சுட்டுப் போயிருச்சு.”

“ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?”

தேர்வாளர் தொண்டையைக் கனைத்தார். விஷயத்துக்கு வரச் சொல்கிறார் என்று புரிந்தது. மனுவை வாங்கினேன், ஒரு தரம் படித்தேன், கண்ணாடியைக் கழற்றினேன். பிறகு என் இருபது வருஷ மேனேஜர் அனுபவத்தையெல்லாம் குரலில் இறக்கி, மெதுவாகச் சொன்னேன்.

“பாக்கலாங்க.”

அந்தப் பெண்ணின் முகம் அப்படியே வாடியது. என்ன நடிப்பு! தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “சரிங்க. அப்ப நான் போய்ட்டு வாரேனுங்க” என்று வெளியே போய்விட்டது. யார் மனமும் புண்படவில்லை. நானும் பெருமையோடு தேர்வாளரைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“ம், ஆரம்பிங்க சார்.”

“முடிஞ்சுதுங்க சார்.”

“என்ன முடிஞ்சுது? மனுவ நிராகரிக்கணும்ல?”

“நிராகரிச்சாச்சுங்களே.”

“எப்போ?”

“இப்பத்தானுங்க. பாக்கலாங்கன்னு சொன்னனில்லீங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “பாக்கலாம்னா பாக்குறேன்னு அர்த்தம் சார். வாக்குக் குடுத்துருக்கீங்க. எங்க ஊர்ல ஒருத்தர் பாக்கலாம்னு சொன்னா, மறுநாள் காலையில வீட்டு வாசல்ல போய் நிப்போம்.”

“இங்க யாரும் நிக்க மாட்டாங்க சார்.”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டார். “ஏம்மா, உனக்குத் தையல் மிஷின் கிடைக்குமா, கிடைக்காதா?”

“கெடைக்காதுங்க சார்.”

“யாரு சொன்னா?”

“அண்ணந்தானுங்க சொன்னாரு.”

“என்னன்னு சொன்னாரு?”

“பாக்கலாங்கன்னாருங்க.”

தேர்வாளர் என்னைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். சாட்சியும் குற்றவாளியும் செட்டு சேர்ந்துவிட்டோம் என்று நினைத்திருப்பார். பேனா ஓடியது. மனுதாரருக்குத் தெளிவான பதில் அளிக்கவில்லை, பொய்யான நம்பிக்கை அளித்தார் என்று எழுதி என்னை பெயில் ஆக்கினார். பொய்யான நம்பிக்கையா! இருந்த நம்பிக்கையை வேரோடு பிடுங்கியல்லவா அனுப்பினேன்!

எங்கள் பக்கத்தில் வாசலேறி வந்தவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வது, சாப்பிட உட்கார்ந்தவரின் இலையை இழுப்பது மாதிரி. அதனால் அந்தச் சொல்லையே ஒதுக்கி வைத்துவிட்டோம். அதற்குப் பதிலாக எங்களிடம் வேறு சொற்கள் இருக்கின்றன. பெண் பார்க்க வந்தவர்கள் ‘ஊட்ல கலந்துட்டுச் சொல்லி உடறோமுங்க’ என்றால் பெண் வீட்டில் அடுத்த ஜாதகத்தை எடுத்துவிடுவார்கள். ‘ஆகட்டுங்க’ என்றால் கொஞ்சம் உயிர் இருக்கிறது. ‘அதுக்கென்னுங்க’ என்றால் வேலை ஆனது போலத்தான். ‘பாக்கலாங்க’ என்றால் ஆகாது. அதையே இழுத்து ‘பாக்கலாங்க, பாக்கலாங்க’ என்று இரண்டு தரம் சொன்னால், இனிமேல் இந்தப் பேச்சை எடுக்காதே. ரிக்கில் டிரைவர்கள் நோம்பிக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, லீவு கேட்டால் நான் ஒரு தரம்தான் சொல்வேன். இரண்டாம் தரம் கேட்டவர் கிடையாது. ஊருக்குப் பெட்டியைக் கட்டியவரும் கிடையாது.

இதையெல்லாம் தஞ்சாவூருக்கு யார் போய்ச் சொல்வது?

மறு தேர்வுக்கு ஆறு மாதம். அதற்குள் வேலைக்கான அறிவிப்பு வந்துவிட்டது. விண்ணப்பிக்கக் கடைசி நாளும் போட்டுவிட்டார்கள். மறு தேர்வின் முடிவு அதற்குச் சற்று முன்னால் வரும் என்றார்கள். அதில் தேறினால் நான் பட்டதாரி, வயது தடையில்லை. தேறாவிட்டால் வயது போன பிளஸ் டூ. என் நாற்காலி, மேசை, ஃபேன் எல்லாம் இல்லை என்ற ஒற்றைச் சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தன.

வீட்டில் பயிற்சி ஆரம்பித்தேன். சாப்பாட்டு மேசைதான் கவுன்டர். மனைவி மனுதாரர்.

“ஐயா, எனக்கு ஒரு வாஷிங் மெஷின் வேணுமுங்க. துணி தொவைச்சு இடுப்பு போச்சுங்க.”

நான் வாயைத் திறந்தேன். “பா...”

“அதச் சொல்லப்படாது. இல்லைன்னு சொல்லோணும்.”

“அம்மிணி, இத ஒரு பயிற்சிக்காகத்தான் சொல்றேன். மனசுல வெச்சுக்கப்படாது.”

“சொல்லுங்க மொதல்ல.”

“இ... இல்ல.”

அவள் மேசையை விட்டு எழுந்தாள். “கல்யாணமாகி இத்தன வருசத்துல நீங்க எனக்கு எதையும் இல்லைன்னு சொன்னதே இல்லீங்க. பாக்கலாம் பாக்கலாம்னு சொல்லியே ஒண்ணும் வாங்கித் தராம இருந்தீங்க. அது எவ்வளவு நல்லா இருந்துச்சு!”

அன்று ராத்திரி சாம்பாரில் உப்பு இல்லை. கேட்டேன். “இல்லீங்க” என்றாள். தெளிவான பதில், காரணம் மட்டும் சொல்லவில்லை.

வெளியாள் மீது பழகினால்தான் கூச்சம் போகும் என்று தோன்றியது. பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு மாமன் முறை. ஒரு நாள் காலையில் வந்தார்.

“மாப்ள, ஏணி ஒண்ணு வேணுமே. டேங்கு கழுவோணும்.”

கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். “இல்லீங்க மாமா. குடுக்க முடியாதுங்க.”

அவர் என் பின்னால் பார்த்தார். ஏணி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். மறுபடியும் ஏணியைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். சற்று நேரத்தில் அவருடைய சம்சாரத்தோடு வந்தார். அந்த அம்மாள் அழாத குறை.

“என்ன சாமி கோவம் எங்க மேல? நோம்பிக்கு வரலைன்னா? காது குத்துக்கு அழைக்காம உட்டதுக்கா?”

“ஐயோ அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அத்தை. நான் பரிச்சைக்குப் படிக்கிறேன்.”

“ஏணி குடுக்காம இருக்கிறதுக்கு ஒரு பரிச்சையா?”

நான் சொன்ன விளக்கத்தை அவர்கள் நம்பவில்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு வீட்டுக்கும் ஆகவில்லை என்று தெருக்கோடி மளிகைக் கடை வரை பேச்சு போய்விட்டது. கடைசியில் ஏணியை நானே தோளில் தூக்கிக்கொண்டு போய், அவர்கள் டேங்கில் இறங்கி, நானே கழுவிக் கொடுத்து, ஏணியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஒரு இல்லைக்கு ஒரு டேங்க். இந்தக் கணக்கில் போனால் அரசு வேலை கிடைத்த பிறகு ஜில்லா முழுக்க டேங்க் கழுவ வேண்டியிருக்கும்.

மறு தேர்வு நாள் வந்தது. அதே அறை, அதே மேசை, அதே தேர்வாளர். ஆனால் மனுதாரராக நடிக்க ஆள் இல்லை. ஜலகண்டாபுரத்துப் பெண் எப்போதோ தேறிப் போய்விட்டது. தேர்வாளர் பேனாவை மூடினார். எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

“மனுதாரர் நான்தான். ஆரம்பிக்கலாமா?”

தலையாட்டினேன். அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு, துண்டு இல்லாத தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு பேசினார் பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஏனுங்க ஆபீசருங்களா? நானு வெண்ணந்தூருங்க. என்ற சம்சாரத்துக்கு ஒரு தையல் மிசினு வேணுமுங்க சாமி.”

ஆறு மாதத்தில் ஆள் எங்கள் பேச்சைப் பிடித்துவிட்டிருந்தார். ‘என்ற’வில் மட்டும் கொஞ்சம் தஞ்சாவூர்க் காவேரி ஓடியது. மற்றபடி ராசிபுரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எந்த ஊர் என்று கேட்டு முறை கண்டுபிடித்திருப்பேன்.

நான் தண்ணீர் கொடுக்கவில்லை. மழை கேட்கவில்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று நாக்கு நுனி வரை வந்ததை அப்படியே விழுங்கினேன். மனுவைப் படித்தேன். லாரி இருக்கிறது. கைகளை மேசைக்கு அடியில் பிடித்துக்கொண்டேன்.

“உங்க மனுவ ஏத்துக்க முடியாதுங்க. உங்க பேர்ல லாரி இருக்குதுங்க. வருமானம் வரம்புக்கு மேல போயிருதுங்க. இந்த முடிவு சரியில்லைன்னு நெனச்சீங்கன்னா, மேல் அலுவலர்கிட்ட மேல்முறையீடு பண்ணிக்கலாமுங்க.”

சொல்லிவிட்டேன். முதுகு பெல்ட்டெல்லாம் நனைந்துவிட்டது. ஆனால் மனுதாரர் எழுந்து போகவில்லை.

“அந்த லாரி ஓடறதே இல்லீங்க சாமி. பிரேக்கு இல்லீங்க. கொஞ்சம் பாத்துச் செய்யுங்க.”

“வண்டி உங்க பேர்லதானுங்களே இருக்குது.”

“சம்சாரம் அழுவுறாளுங்க.”

எனக்கு என் வீட்டு மனுதாரர் ஞாபகம் வந்தது. உப்பில்லாத சாம்பார் ஞாபகம் வந்தது.

“வேற ஒரு வழியுமே இல்லீங்களா சாமி? நீங்க மனசு வெச்சா?” என்று இரண்டு கையையும் கூப்பினார்.

என் வயதுக்காரர். திருநீறு வைத்த நெற்றி. கூப்பிய கை. வாய் தானாகத் திறந்தது. “பா...”

தேர்வாளரின் கண் மின்னியது. வலையில் மீன் விழுந்தது என்று தெரிந்துவிட்டது அவருக்கு. ‘பா’ வெளியே வந்துவிட்டது, உள்ளே இழுக்க வழியில்லை. மீதியை மாற்றினேன்.

“பா... பாத்தாச்சுங்க. இல்லீங்க.”

பிறகு அவர் கையை இறக்கினார், தோளை நிமிர்த்தினார், தன் பழைய நாற்காலிக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார். என்னவோ எழுதினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இவர்தான் அசல் அரசு அலுவலர்.

கதவு வரை போனவன் பொறுக்க மாட்டாமல் திரும்பினேன். “சார், பாஸ் ஆயிருவனுங்களா?”

அவர் நிமிரவில்லை.

“பாக்கலாங்க” என்றார்.

திருச்செங்கோடு பஸ்ஸில் எனக்கு சீட்டு கிடைத்தது. உட்காரத் தோன்றவில்லை. அவர் ‘பாக்கலாம் சார்’ என்று சொல்லியிருந்தால் தஞ்சாவூர் அர்த்தம், நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் ‘ங்க’ போட்டுவிட்டாரே! அந்த ‘ங்க’வில்தானே எங்கள் ஊர் மொத்தமும் இருக்கிறது. ஆறு மாதத்தில் பேச்சைப் பிடித்தவர் அர்த்தத்தையும் பிடித்திருப்பாரா, சத்தத்தை மட்டும் பிடித்திருப்பாரா?

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைவதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

“அவரு சொந்த ஊரு தஞ்சாவூருதானுங்களே?”

“ஆமா.”

“அப்ப பாப்பாருங்க. பயப்படாதீங்க.” கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையிலிருந்து குரல் வந்தது. “ஏனுங்க, அவரு சம்சாரம் எந்த ஊரு?”

“தெரியல. ஏன்?”

“எங்க மேச்சேரிப் பக்கமா இருந்தாங்கன்னா நீங்க பெயிலு.”

ஜலகண்டாபுரத்துப் பெண்ணுக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, டாக்டர் மாதிரி ஒரு கேள்வி கேட்டது.

“அண்ணா, அவரு வெடுக்குன்னு சொன்னாருங்களா, இழுத்துச் சொன்னாருங்களா?”

“நெனவில்லையே அம்மிணி.”

“சொல்லிக் காட்டுங்க.”

“பாக்கலாங்க.”

“இது வெடுக்கு.”

“பாக்கலாஆங்க.”

“இது இழுவை. இதுல எதுங்கண்ணா?”

முடிவு வரும் வரை அந்த ஒரு வார்த்தையைத் தோட்டத்தில், பாத்ரூமில், பைக்கில் எல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மாமா ஏணியைத் திருப்பிக் கொண்டுவந்தவர், நான் தனியாக நின்று பாக்கலாங்க, பாக்கலாஆங்க என்று சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டு, அப்படியே ஏணியோடு திரும்பிப் போய்விட்டார்.

முடிவு வந்தது. தேறியிருந்தேன். சரியாகப் பாஸ் மார்க். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. தஞ்சாவூர் அர்த்தத்தில் பார்த்தால் பார்த்துத்தான் போட்டிருக்கிறார். எங்கள் ஊர் அர்த்தத்தில் பார்த்தால் போட மனமில்லாமல் போட்டிருக்கிறார். அந்த மார்க்கை இரண்டு ஊரும் உரிமை கொண்டாடலாம். அன்றைக்கே விண்ணப்பத்தை அனுப்பினேன். கடைசி நாளுக்கு இன்னும் நேரம் இருந்தது.

கணினித் திரையில் ‘விண்ணப்பம் ஏற்கப்பட்டது’ என்று வந்ததை மனைவியும் என் தோளுக்கு மேலாகப் படித்தாள். கரண்டு பில் மாதிரியே இதையும் அவள்தான் முதலில் படித்தாள்.

“ஏனுங்க, இப்பத்தான் பட்டம் வாங்கி இல்லைன்னு சொல்லக் கத்துக்கிட்டீங்களே. அந்த வாஷிங் மெஷினுக்கு என்ன சொல்றீங்க?”

“பா...” என்று ஆரம்பித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சொல்லை இனி என் வீட்டிலேயே யாரும் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை. இல்லை என்று சொல்லலாம்தான். படித்திருக்கிறேன். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு அன்றைய உப்பில்லாத சாம்பார் சாட்சி.

“பா... பைய எடுத்துக்க. சேலம் போய் வாங்கிட்டு வந்துரலாம்” என்றேன்.